குட்டியானை வாங்கப் போறீங்களா? டீசலா, பெட்ரோலா, கேஸா... எது இழுக்கும், எது கையைக் கடிக்கும்?

சென்னை,

கோயம்பேடு மார்க்கெட் வாசல், பாரிமுனை சந்து, அம்பத்தூர் எஸ்டேட் என்று எங்கே பார்த்தாலும் வரிசை கட்டி நிற்கிறது சின்ன லோடு வண்டி. காய்கறி மூட்டை, வாட்டர் கேன், சிமெண்ட், வாழைத்தார், வீடு காலி பண்ற சாமான் என்று எதை ஏற்றினாலும் இந்த வண்டிதான். மக்கள் வைத்த பெயர் குட்டியானை.

இந்த வண்டி ஸ்டாண்டில் இரண்டு டிரைவர்கள் சேர்ந்து டீ குடித்தால் போதும். பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வரும். "அண்ணே, புது வண்டி எடுக்கலாம்னு இருக்கேன். டீசல் எடுக்கவா, பெட்ரோல் எடுக்கவா? கேஸ் வண்டி நல்லா இருக்குங்கறாங்களே..."

ஒருவர் டீசல்தான் என்று அடித்துச் சொல்வார். இன்னொருவர் டீசல் காலம் எல்லாம் போச்சு என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. யாருக்கு எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தப்பான வண்டியை எடுத்தால் 4 வருஷத்துக்கு மாதத் தவணை கட்டியே முதுகு வளைந்து விடும்.

அதனால் வண்டி புக் பண்ணும் முன் தெரிந்து கொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

2005-ல் வந்த குட்டியானை

2005-ம் ஆண்டு மே மாதம் டாடா நிறுவனம் 'ஏஸ்' வண்டியை விற்பனைக்கு விட்டது. அதுவரை சின்ன லோடு என்றால் 3 சக்கர வண்டி. பெரிய லோடு என்றால் லாரி. இரண்டுக்கும் நடுவில் உருப்படியான வண்டி அதிகம் இல்லை. அந்த இடத்தை ஏஸ் பிடித்தது.

அதில் இருந்தது 702 சி.சி. கொண்ட 2 சிலிண்டர் டீசல் என்ஜின். சக்தி வெறும் 16 குதிரைத் திறன்தான். இன்றைக்கு காலேஜ் பையன்கள் ஓட்டும் பல பைக்குகளில் இதைவிட அதிக சக்தி இருக்கிறது. ஆனாலும் அந்த வண்டி முக்கால் டன் சரக்கை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. டீசல் செலவும் குறைவு. அதுதான் அதன் வெற்றி.

2011-ல் அசோக் லேலண்ட் 'தோஸ்த்' வண்டியை இறக்கியது. இது ஓசூரில் தயாராகும் வண்டி. 1.5 லிட்டர், 3 சிலிண்டர் டீசல் என்ஜின். 2016-ல் மாருதி 'சூப்பர் கேரி' வந்தது. மகேந்திரா பொலிரோ பிக்கப் அதற்கு முன்பே ஊர் ஊராக ஓடிக் கொண்டிருந்தது. அப்போதெல்லாம் லோடு வண்டி என்றால் டீசல். வேறு பேச்சே கிடையாது.

2020-ல் மாறிய கதை

2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி நாடு முழுவதும் பி.எஸ்.6 புகை விதி வந்தது. அதன்படி டீசல் வண்டியின் புகையைச் சுத்தம் பண்ண கூடுதல் கருவிகள் பொருத்த வேண்டும். சின்ன டீசல் என்ஜினுக்கு இந்த செலவு கட்டுப்படியாகவில்லை. விலை ஏறியது.

மாருதி நிறுவனம் டீசலையே கைவிட்டது. சூப்பர் கேரியில் இருந்த 793 சி.சி. டீசல் என்ஜின் நின்று, பெட்ரோலும் சி.என்.ஜி.யும் மட்டும் மிஞ்சின. டாடாவும் ஏஸ் வண்டியில் 694 சி.சி. பெட்ரோல் என்ஜினைக் கொண்டு வந்தது. அதன் பிறகுதான் ஸ்டாண்டில் இந்த வாக்குவாதமே ஆரம்பம்.

இன்னொரு காரணம் விலை. 2012-ல் சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்தது. டீசலுக்கு அரசு மானியம் இருந்த காலம் அது. 2014 அக்டோபரில் டீசல் விலை மீதான கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதன் பிறகு இடைவெளி சுருங்கியது. 2024 மார்ச் மாதம் விலை குறைக்கப்பட்டபோது சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு. டீசல் 92 ரூபாய் 34 காசு. வித்தியாசம் எட்டரை ரூபாய்கூட இல்லை.

சைக்கிள் பம்பு சொல்லும் பாடம்

டீசல் என்ஜின் நன்றாக இழுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் இழுக்கிறது?

சைக்கிள் டயருக்கு கைப்பம்பு அடித்தவர்களுக்குத் தெரியும். நாலு தடவை அழுத்தினால் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை நசுக்கினால் சூடாகும் என்பதுதான் காரணம். டீசல் என்ஜின் வேலை செய்வதும் இதே முறையில்தான். உள்ளே இழுத்த காற்றை 16 மடங்குக்கும் மேல் நசுக்கும். அந்த சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். அதற்கு ஸ்பார்க் பிளக் தேவை இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய முறை இது.

பெட்ரோல் என்ஜின் சுமார் 10 மடங்குதான் நசுக்கும். அதற்கு மேல் போனால் நேரம் தவறி எரிந்து 'நாக்கிங்' வரும். அதனால் பிளக் வைத்துப் பற்ற வைக்கிறார்கள்.

அதிகமாக நசுக்கினால் அதே எரிபொருளில் அதிக வேலை கிடைக்கும். அதோடு ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலை விட 10 சதவீதத்துக்கு மேல் சக்தி இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் டீசல் வண்டிக்கு மைலேஜ் அதிகம்.

இழுவை வேறு, ஓட்டம் வேறு

வண்டி நோட்டீசில் இரண்டு எண் இருக்கும். ஒன்று குதிரைத் திறன். இன்னொன்று 'டார்க்'. இந்த டார்க்தான் டிரைவர்கள் சொல்லும் இழுவை.

இறுகிப்போன வீல் நட்டை சின்ன ஸ்பேனரில் கழற்றினால் வராது. அதே ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி நீளமாக்கினால் வந்துவிடும். பைப்பு போட்ட ஸ்பேனரின் முறுக்கு மாதிரிதான் இழுவை. அந்த முறுக்கை எவ்வளவு வேகமாகத் தொடர்ந்து கொடுக்க முடிகிறது என்பது குதிரைத் திறன்.

லோடோடு சிக்னலில் நின்று கிளம்பவும், பாலம் ஏறவும் தேவைப்படுவது இழுவை. டர்போ வைத்த டீசல் என்ஜினில் இந்த இழுவை குறைந்த சுற்றிலேயே கிடைத்துவிடும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தாலே வண்டி நகரும். பெட்ரோல் என்ஜினில் சுற்று ஏறினால்தான் இழுவை வரும். அதனால் டிரைவர் நன்றாக மிதிப்பார், அரை கிளட்சில் வைத்து உறுமுவார். பெட்ரோலும் போகும், கிளட்ச் பிளேட்டும் தேயும்.

எல்லா டீசலும் இழுக்குமா?

பலரும் ஏமாறுவது இங்கேதான். டீசல் என்று பெயர் இருந்தால் மட்டும் இழுவை வந்துவிடாது.

பி.எஸ்.6 விதிக்குப் பிறகு வந்த ஏஸ் கோல்டு வண்டியில் 702 சி.சி. டீசல் என்ஜினின் சக்தி 20 குதிரைத் திறன். இழுவை 45 நியூட்டன் மீட்டர். அதே ஏஸ் கோல்டு பெட்ரோலில் 694 சி.சி. என்ஜினுக்கு 30 குதிரைத் திறன், 55 நியூட்டன் மீட்டர். அதாவது இந்த அளவில் பெட்ரோல்தான் ஒரு படி மேலே. சின்ன டீசலின் லாபம் மைலேஜில்தான் இருந்தது, இழுவையில் இல்லை.

ஒரு டன்னுக்கு மேல் ஏற்றும் வண்டிகளுக்குப் போனால் கதை தலைகீழ். சூப்பர் கேரியின் 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு இழுவை 104 நியூட்டன் மீட்டர். பெரிய பிக்கப்புகளில் வரும் 2.5 லிட்டர் டர்போ டீசலுக்கு 200 நியூட்டன் மீட்டர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒன்றரை டன் ஏற்றிக்கொண்டு தினமும் ஹைவேஸ் ஓடுகிறவருக்கு இதில் சந்தேகமே வேண்டாம்.

அமெரிக்காவிலும் பிக்கப் வண்டியில் டிரெய்லர் கட்டி இழுக்கிறவர்களுக்கு இதே கேள்விதான். அங்கே பெட்ரோலைத்தான் 'கேஸ்' என்று சொல்வார்கள். போர்டு நிறுவனத்தின் பெரிய பிக்கப்பில் 7.3 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு 430 குதிரைத் திறன். 6.7 லிட்டர் உயர்ரக டீசலுக்கு 500. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இழுவையைப் பார்த்தால் பெட்ரோலுக்கு சுமார் 657 நியூட்டன் மீட்டர், டீசலுக்கு 1,627. அந்த டீசல் என்ஜினுக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது 10 ஆயிரம் டாலருக்கும் மேல். அதனால் அங்கேயும் தினமும் கனமாக இழுக்கிறவர் டீசல் வாங்குகிறார். மாதத்தில் இரண்டு நாள் இழுக்கிறவர் பெட்ரோலோடு நிறுத்திக் கொள்கிறார்.

கேஸ் வண்டி எப்படி?

நம்ம ஊரில் கேஸ் வண்டி என்றால் சி.என்.ஜி. வண்டி. எண்ணூரில் 2019-ல் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து சென்னையிலும் மற்ற மாவட்டங்களிலும் சி.என்.ஜி. பங்க்குகள் ஒவ்வொன்றாக வந்தன.

இதில் தனி என்ஜின் எதுவும் இல்லை. பெட்ரோல் என்ஜின்தான். பெட்ரோலுக்குப் பதில் கேஸ் எரியும். ஒரு கிலோ கேசில் சுமார் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் அளவுக்கு சக்தி இருக்கிறது. அதனால் ஒரு கிலோவுக்கு வண்டி அதிக தூரம் ஓடும். புகையும் குறைவு.

குறையும் இருக்கிறது. கேஸ் போய் காற்றின் இடத்தை அடைத்துக் கொள்வதால் என்ஜின் சக்தி குறையும். சூப்பர் கேரி பெட்ரோலில் 80 குதிரைத் திறன் என்றால், கேசில் ஓடும்போது 72-ஐ ஒட்டித்தான் இருக்கும். இழுவையும் 104-ல் இருந்து 95-க்கு இறங்கும்.

சிலிண்டரின் எடையும் சேரும். அந்த எடை போகத்தான் சரக்கு ஏற்ற முடியும். அதே சூப்பர் கேரியில் பெட்ரோல் வண்டியை விட கேஸ் வண்டியில் 100 கிலோவுக்கும் மேல் குறைவாகத்தான் ஏற்றலாம். தினமும் எடைக் கணக்கில் வாடகை வாங்குகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

சிலிண்டரில் கேஸ் 200 'பார்' அழுத்தத்தில் இருக்கும். லாரி டயரில் இருப்பது 8 பார் அளவுதான். எனவே சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் சோதனை செய்து சான்று வாங்க வேண்டும். தெரு ஓரத்தில் விலை மலிவு என்று கண்ட சிலிண்டரைப் பொருத்துவது உயிருக்கே ஆபத்து.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

இனி காசு கணக்கு. கீழே உள்ள விலையும் மைலேஜும் ஒரு கணக்குக்காக எடுத்துக் கொண்டவை. உங்க ஊர் விலை, உங்க வண்டி மைலேஜ் எதுவோ, அதை இதே மாதிரி போட்டுப் பாருங்க.

* டீசல் லிட்டர் 92 ரூபாய். மைலேஜ் 20 கிலோ மீட்டர். ஒரு கிலோ மீட்டருக்கு செலவு 4 ரூபாய் 60 காசு.

* பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். மைலேஜ் 15 கிலோ மீட்டர். ஒரு கிலோ மீட்டருக்கு 6 ரூபாய் 67 காசு.

* சி.என்.ஜி. கிலோ 90 ரூபாய். மைலேஜ் 20 கிலோ மீட்டர். ஒரு கிலோ மீட்டருக்கு 4 ரூபாய் 50 காசு.

இதை மட்டும் பார்த்தால் பெட்ரோல்தான் நஷ்டம் மாதிரி தெரியும். ஆனால் வண்டி விலையையும் சேர்க்க வேண்டும். பெட்ரோல் வண்டியை விட டீசல் வண்டி 1 லட்சம் ரூபாய் கூடுதல் என்று வைத்துக் கொள்வோம். அந்த 1 லட்சத்தையும் 12 சதவீத வட்டியில் 4 வருஷக் கடனாக வாங்கினால் மாதத் தவணையில் 2,633 ரூபாய் கூடும்.

இப்போது இரண்டு டிரைவர்களை எடுத்துக் கொள்வோம்.

முதலாமவர் கோயம்பேட்டில் காய்கறி ஏற்றி காஞ்சிபுரம் பக்கம் கடைகளுக்குப் போடுகிறார். தினமும் 100 கிலோ மீட்டர். மாதம் 25 நாள். மொத்தம் 2,500 கிலோ மீட்டர். பெட்ரோல் என்றால் மாதம் 16,667 ரூபாய். டீசல் என்றால் 11,500 ரூபாய். மிச்சம் 5,167 ரூபாய். கூடுதல் தவணை 2,633 போனாலும் மாதம் 2,500 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். இவருக்கு டீசல் லாபம்.

இரண்டாமவர் ஏரியாவுக்குள் வாட்டர் கேன் போடுகிறார். தினமும் 30 கிலோ மீட்டர்தான். மாதம் 750 கிலோ மீட்டர். பெட்ரோல் செலவு 5 ஆயிரம் ரூபாய். டீசல் என்றால் 3,450 ரூபாய். மிச்சம் 1,550. ஆனால் கூடுதல் தவணை 2,633. மாதாமாதம் 1,083 ரூபாய் கையை விட்டுப் போகும். 4 வருஷத்தில் சுமார் 52 ஆயிரம் ரூபாய். கடன் முடிந்த பிறகு மாதம் 1,550 மிச்சமாகும்தான். ஆனால் போன 52 ஆயிரத்தைத் திரும்ப எடுக்கவே இன்னும் 34 மாதம் ஓட்ட வேண்டும். இவர் 'டீசல்னா லாபம்' என்று நம்பி எடுத்தால் வண்டி 7-வது வயதை நெருங்கும்போதுதான் கணக்கு சமமாகும்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் எல்லைக்கோடு தினமும் சுமார் 50 கிலோ மீட்டர். அதற்கு மேல் ஓடுகிறவருக்கு டீசல். அதற்குக் கீழே பெட்ரோல். விலை மாறினால் இந்தக் கோடும் மாறும்.

கேஸ் வண்டி பெட்ரோலை விட 50 ஆயிரம் கூடுதல் என்று வைத்தால் தவணை 1,317 ரூபாய் ஏறும். தினமும் 25 கிலோ மீட்டர் ஓடினாலே அது கட்டிவிடும். கணக்கில் கேஸ்தான் முதலிடம். ஆனால் பங்க் பக்கத்தில் இருக்க வேண்டும். கேஸ் பிடிக்க வரிசையில் நின்று வாரத்துக்கு ஒரு 500 ரூபாய் வாடகையைத் தவற விட்டால் மாதம் 2 ஆயிரம் போச்சு. மிச்சம் பிடித்தது எல்லாம் அதிலேயே கரைந்து விடும்.

ஒர்க்ஷாப் செலவு

பெட்ரோல் வண்டிக்கு ஆயில், பில்டர், பிளக் பார்த்தால் பெரும்பாலும் போதும். கேஸ் வண்டிக்கும் அப்படித்தான். பிளக் கொஞ்சம் சீக்கிரம் தேயும்.

டீசல் வண்டிக்கு உயிர்நாடி டீசல் பம்பும் இன்ஜெக்டரும். இவை மிக நுட்பமான பாகங்கள். டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்தால் முதலில் அடி வாங்குவது இதுதான். செலவும் ஆயிரங்களில் போகும். டீசல் பில்டரில் சேரும் தண்ணீரை நேரம் பார்த்து வடிக்க வேண்டும். நம்பிக்கையான பங்கில்தான் டீசல் போட வேண்டும்.

பி.எஸ்.6 டீசல் வண்டியில் இன்னொரு வேலை சேர்ந்திருக்கிறது. சில மாடல்களில் 'டி.இ.எப்.' என்ற யூரியா கலந்த திரவத்தைத் தனி டேங்கில் ஊற்ற வேண்டும். அதைக் குறைக்கவோ தண்ணீர் கலக்கவோ கூடாது. சென்சார் கண்டுபிடித்துவிடும். ஊற்றாமல் விட்டால் வண்டி சக்தியைக் குறைத்துக் கொள்ளும். 2025 செப்டம்பரில் வந்த ஏஸ் கோல்டு பிளஸ் போன்ற சில டீசல் வண்டிகளுக்கு இந்த திரவம் தேவை இல்லை. வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்க.

புகைக் கரியைப் பிடிக்கும் 'டி.பி.எப்.' வடிகட்டி உள்ள வண்டியும் உண்டு. அந்தக் கரி எரிய வேண்டும் என்றால் வண்டி அவ்வப்போது 15, 20 நிமிடம் நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ஏரியாவுக்குள்ளேயே நின்று நின்று ஓட்டினால் வடிகட்டி அடைத்துக் கொண்டு விளக்கு எரியும். அலட்சியம் பண்ணினால் பெரிய செலவு. கிட்ட தூரம் ஓட்டுகிறவர் டீசலை யோசிக்க இதுவும் ஒரு காரணம்.

மலைப்பாதைக்கு எது?

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி, சேலத்தில் இருந்து ஏற்காடு, 70 கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலை என்று ஏறுகிறவர்களுக்குக் கணக்கு வேறு.

உயரம் போகப் போக காற்று மெலிந்து விடும். 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டியில் டர்போ இல்லாத என்ஜினின் சக்தி ஏறத்தாழ 5-ல் 1 பங்கு குறையும். 100 கிலோ தூக்குகிற ஆள் 80 கிலோதான் தூக்குவார் என்ற மாதிரி. டர்போ உள்ள என்ஜின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அவ்வளவாகத் திணறாது. மலைக்கு லோடு அடிப்பதே தொழில் என்றால் டர்போ டீசல்தான் பொருத்தம். கேஸ் வண்டிக்கு மலையில் பங்க் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இறங்கும்போது எந்த என்ஜினாக இருந்தாலும் ஒரே விதிதான். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரல் போட்டு இறக்கத்தில் விட்டால் முழு எடையும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

கயிறு கட்டி இழுக்கலாமா?

வழியில் நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது நம்ம ஊரில் சகஜம். அவசரத்துக்கு இழுக்கலாம். ஆனால் லோடோடு இழுக்கக்கூடாது. இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்பது விதி. முதல் கியரில் மெதுவாகக் கயிறு இறுகியபின் நகர்த்த வேண்டும். ஒரே வெட்டாக இழுத்தால் கயிறு அறுந்து பின்னால் நிற்கிறவர் மேல் அடிக்கும். சின்ன பெட்ரோல் வண்டியால் பெரிய வண்டியை இழுத்தால் கிளட்ச் கருகும். ஒரு உதவிக்குப் போய் சில ஆயிரம் ரூபாய் செலவு இழுத்து வந்தவர்கள் ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு இருக்கிறார்கள்.

ஓவர்லோடு வேண்டாம்

'டீசல் வண்டிதானே, கொஞ்சம் சேர்த்து ஏத்து' என்பது சரக்குக்காரர் பேச்சு. என்ஜின் இழுத்துவிடும்தான். ஆனால் பிரேக்கும், டயரும், ஸ்பிரிங் பட்டையும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இழுக்கிறது என்பதற்காக நிற்கும் என்று அர்த்தம் இல்லை.

2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி ஓவர்லோடு அபராதம் 20 ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2 ஆயிரம் ரூபாய். 300 ரூபாய் கூடுதல் வாடகைக்கு ஆசைப்பட்டால் ஒரு மாத சம்பாத்தியம் போய்விடும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையைப் பார்த்து அதற்குள் ஏற்றுவதே நல்லது.

புது விலை நிலவரம்

2025 ஜூன் மாதம் டாடா நிறுவனம் 'ஏஸ் புரோ' என்ற 750 கிலோ ஏற்றும் வண்டியைக் கொண்டு வந்தது. பெட்ரோல் வண்டியின் அறிமுக விலை ஷோரூமில் 3 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய். இதில் கேசும் பெட்ரோலும் சேர்ந்த வண்டியும், மின்சார வண்டியும் உண்டு. செப்டம்பரில் வந்த 900 கிலோ ஏற்றும் ஏஸ் கோல்டு பிளஸ் டீசலின் அறிமுக விலை 5 லட்சத்து 52 ஆயிரம். ஏற்றும் எடை வேறு என்றாலும் வித்தியாசம் ஒன்றரை லட்சம். 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. எனவே பழைய விலைப்பட்டியலை வைத்து யாராவது பேசினால் ஏமாற வேண்டாம்.

யாருக்கு எது?

* ஏரியாவுக்குள் தினமும் 30, 40 கிலோ மீட்டர், அரை டன் லோடு:- பெட்ரோல். கேஸ் பங்க் பக்கத்தில் இருந்தால் கேஸ்.

* சிட்டிக்குள் தினமும் 80, 100 கிலோ மீட்டர், எடை குறைந்த சரக்கு:- கேஸ். பங்க் தூரம் என்றால் டீசல்.

* ஒரு டன்னுக்கு மேல் லோடு, ஹைவேஸ், வெளியூர் ஓட்டம்:- டர்போ டீசல்.

* மலைப்பாதை:- டர்போ டீசல்.

* பழைய டீசல் வண்டி வாங்குகிறவர்:- காலையில் என்ஜின் குளிர்ந்து இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. சீக்கிரம் பற்றாமல் வெள்ளைப் புகை கக்கினால் மெக்கானிக்கைக் கூட்டிப் போகாமல் முன்பணம் கொடுக்காதீங்க. 8 வயது தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எப்.சி. எடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்க.

கடைசியாக ஒரு வேலை. ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு மாதம் ஒரு சின்ன நோட்டைப் பாக்கெட்டில் வைத்துக் கொள்ளுங்க. தினமும் எத்தனை கிலோ மீட்டர் ஓடினோம், எத்தனை கிலோ ஏற்றினோம், எத்தனை ரூபாய்க்கு எரிபொருள் போட்டோம் என்று எழுதுங்க. சொந்த வண்டி இல்லாமல் வாடகை வண்டி ஓட்டுகிறவரும் இதைச் செய்யலாம். ஷோரூமில் சேல்ஸ்மேன் என்ன சொன்னாலும், ஸ்டாண்டில் மச்சான் என்ன சொன்னாலும், உங்க வண்டி டீசலா பெட்ரோலா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.